மொட்டைமாடி சுயராஜ்யம்

'தற்சார்பு' என்ற வார்த்தைக்கு இப்போது நல்ல மார்க்கெட். ஒரு காலத்தில் காந்தி ஜெயந்தி மலர்களிலும் சர்வோதயக் கூட்டங்களிலும் மட்டும் தலைகாட்டிய சொல், இன்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு, புத்தகக் கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கு என்று எங்கே போனாலும் எதிரே வந்து நிற்கிறது. மொட்டைமாடியில் நாற்பது பை. பையில் தக்காளி, கத்திரி, வெண்டை. மூலையில் ஒரு மண்புழுத் தொட்டி. நிழலில் பஞ்சகவ்யம் ஊறுகிற ட்ரம். கொஞ்சம் துணிச்சல்காரராக இருந்தால் கூண்டில் நாலு காடை. எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, படி இறங்கும்போது வீட்டுக்காரர் சொல்வார்: "இனிமே கடைப் பக்கமே போக வேணாம் சார். நம்ம வீடே நமக்குப் போதும்!"

எனக்குத் தகராறு தோட்டத்தோடு இல்லை, இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான். ஒரு வீடு தனக்குத் தானே போதுமா? போதும் என்று நம்புவதால் யாருக்கு லாபம், யார் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்?

இதைச் சோதித்துப் பார்க்க சென்னையைவிடப் பொருத்தமான இடம் தர்மபுரி. மழை சுமார்தான். நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு. சுற்றுவட்டாரம் நகரங்களுக்குத் தக்காளி அனுப்புகிறது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்கு ஆளும் அனுப்புகிறது. நகரத்துக்காரர்களின் தற்சார்பு எந்தப் படியில் இடறும் என்பது இங்கே சுலபமாகத் தெரிந்துவிடும்.

தர்மபுரி டவுனில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நாலு பேர். 600 சதுர அடி மொட்டைமாடி. ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் அரிசி என்றால் குடும்பத்துக்கு 1.2 கிலோ. வருஷத்துக்கு 438 கிலோ. உமி, தவிடு கழித்து இவ்வளவு அரிசி கிடைக்க ஏறக்குறைய 650 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு 2,000 கிலோ என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும், ஒரு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலம். அதாவது 14,000 சதுர அடி. நம்மிடம் இருப்பது 600. பக்கத்து வீடுகளின் மாடிகளையெல்லாம் சேர்த்து இருபத்து மூன்று மாடிகளில் நெல் போட்டாலும் பத்தாது. இதில் துவரம்பருப்பு வரவில்லை, கடலை எண்ணெய் வரவில்லை, உப்பும் சர்க்கரையும் பாலும் வரவே இல்லை.

சரி, இடத்தை விடுங்கள். மண்ணைக் கொட்ட முடியுமா? ஒரு அடி உயரத்துக்கு ஈர மண் போட்டால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். ஆள் நடமாடுகிற மொட்டைமாடிக்கு இந்தியக் கட்டட விதிகள் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதனால்தான் மாடித்தோட்டக்காரர்கள் மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்க்கழிவைப் பயன்படுத்துகிறார்கள். எடை குறைவு, ஈரம் நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கமிருந்து லாரியில் வருகிறது, பை பிளாஸ்டிக் ஆலையிலிருந்து வருகிறது, வீரிய விதை கம்பெனியிலிருந்து பாக்கெட்டில் வருகிறது, தண்ணீர் கரண்ட் மோட்டாரில் ஏறுகிறது. இத்தனை பேர் தோளில் நின்றுகொண்டு 'நான் தற்சார்பு' என்று சொல்கிறோம்.

அப்படியானால் மாடித்தோட்டம் வீண் வேலையா? இல்லவே இல்லை. கீரை, கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், கறிவேப்பிலை இவையெல்லாம் சுகமாக வரும். வாரத்தில் நாலு நாள் கூட்டுக்கும் துவையலுக்கும் ஆகும். வீட்டுப் பிள்ளைகளுக்குக் கத்திரிப்பூ ஊதா நிறம் என்று தெரியும். சமையலறைக் குப்பை தெருமுனைக்குப் போகாமல் உரமாகும். தமிழக அரசே 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் பை, விதை, உரம் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதைக் கேட்டுவிட்டு முதல் விதை போட்டவர்கள் நிறையப் பேர். இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் கொத்தமல்லிக்கு வைத்த பெயர் சுயராஜ்யம் என்றால், அரிசிக்கு என்ன பெயர் வைப்பது?

இந்த 'நானே எனக்கு' கனவுக்கு வெளிநாட்டில் ஒரு நீண்ட பரம்பரை உண்டு. மூலபுருஷர் ஹென்றி டேவிட் தோரோ. 1845 ஜூலை 4ஆம் தேதி வால்டன் குளக்கரையில் தன் கையாலேயே கட்டிய குடிசையில் குடியேறி, இரண்டு வருஷம் இரண்டு மாதம் இருந்தார். அந்த அனுபவம் 1854ல் புத்தகமாக வந்து, காந்தி உட்பட உலகத்தில் பாதிப் பேருக்குத் தோரோவை ஆதர்சமாக்கியது. குடிசை இருந்த நிலம் அவருடையதல்ல; நண்பர் எமர்சனுடையது. அம்மா வீடு நடந்து போகிற தூரம். அடிக்கடி போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். பயிரிட்டது முக்கியமாக பீன்ஸ். வேடிக்கை என்னவென்றால் மனிதருக்கு பீன்ஸ் பிடிக்காது. பீன்ஸைக் கொடுத்துவிட்டு அரிசி வாங்கிச் சாப்பிட்டார்! பீன்ஸ் சாகுபடியில் நிகர லாபம் 8 டாலர் 71½ சென்ட் என்று அரை சென்ட் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்.

இதைச் சொல்லித் தோரோவைக் கிண்டல் பண்ணுவது அமெரிக்காவில் ஒரு பழைய பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தன்னிறைவு அடைந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. 'ஒரு மனுஷனுக்கு எவ்வளவு குறைவாக இருந்தால் போதும்?' என்பதுதான் அவருடைய கேள்வி. வரவு செலவை மறைக்காமல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் குடிசையை எடுத்துக்கொண்டார்கள், கணக்கு நோட்டை விட்டுவிட்டார்கள்.

இந்தப் பரம்பரையின் நகரத்து வாரிசு, கலிஃபோர்னியாவில் பாஸடீனா என்ற ஊரில் ஜூல்ஸ் டெர்வேஸ் குடும்பம். அப்பாவும் வளர்ந்த மூன்று பிள்ளைகளும். பக்கத்திலேயே நெடுஞ்சாலை இரையும் சாதாரண வீட்டுமனை. மொத்தம் ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு, அதில் பாதி தோட்டம். வருஷத்துக்கு 6,000 பவுண்டு, அதாவது 2,700 கிலோவுக்கு மேல் விளைச்சல் எடுத்தார்கள். நகரத்து வீட்டுப் பண்ணை என்றால் உலகமே இவர்களைத்தான் காட்டியது. ஆனால் நாலு பேருக்கும் அதுவே முழுநேர வேலை. விளைந்த கீரையையும் சாலட் பூக்களையும் ஓட்டல்காரர்களுக்கு விற்று, அந்தக் காசில் கோதுமை மாவும் அரிசியும் எண்ணெயும் வாங்கினார்கள். உலகத்திலேயே பேர்போன தற்சார்பு வீட்டுக்கும் தானியம் வெளியிலிருந்துதான் வந்தது!

இதைவிட விசேஷம் 2011 பிப்ரவரியில் நடந்தது. 'நகரத்து வீட்டுப் பண்ணை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை டெர்வேஸ் குடும்பம் டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருந்தது. அந்தச் சொற்களை உபயோகித்த நூலகம், புத்தகம் எழுதியவர்கள், தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் அவர்களிடமிருந்து கடிதம் போயிற்று. தோட்டக்கார உலகம் கொதித்தது. சில வருஷ வழக்குகளுக்குப் பிறகு பதிவு ரத்தானது. 'எனக்கு யாரும் வேண்டாம்' என்று ஆரம்பிக்கிற பேச்சு, கொஞ்சம் அசந்தால் 'இது என்னுடையது, யாரும் தொடாதே' என்று முடிந்துவிடும் போலிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

நெருக்கடியில் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்கா வரை போக வேண்டாம். 2022ல் இலங்கை திவாலாகி நின்றபோது, வீட்டுக் கொல்லையில் பயிர் செய்யட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். பயறும் கீரையும் மரவள்ளியும் போட்டவர்களுக்கு அது உதவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதே வருஷம் மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக அரசு கப்பலில் ஏற்றி அனுப்பியது அரிசியும் பால்பவுடரும் மருந்தும். கொல்லையில் எது விளையும், எது கப்பலில்தான் வரவேண்டும் என்பதற்கு அந்தச் சரக்குப் பட்டியலே சாட்சி.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் லேசாகத் தாண்டிப் போகிற இன்னொரு இடம் உண்டு. வேலையை யார் செய்வது? கடையில் மாவு வாங்க மாட்டேன், வீட்டிலேயே திரிப்போம். சோப்பு வாங்க மாட்டேன், சீயக்காய் அரைப்போம். பை வேண்டாம், பாத்திரம் எடுத்துப் போவோம். பாத்திரத்தைத் தேய்ப்போம். இந்த 'போம்', 'வோம்' எல்லாம் பன்மையில் இருந்தாலும், பல வீடுகளில் செய்கிற கை ஒன்றுதான். அய்யா பயிலரங்குக்குப் போய்விட்டு உற்சாகமாகத் திரும்பி வருவார். அம்மா ஊறப்போட்டு, காயப்போட்டு, இடித்து, சலித்து முடிப்பார்.

தர்மபுரிப் பக்கம் அறுபது எழுபது வயதுப் பாட்டி யாரிடமாவது கேளுங்கள். விடியலுக்கு முன்னால் எழுந்து கல்லில் கேழ்வரகு திரித்ததையும், மைல் கணக்கில் குடம் சுமந்ததையும் ஏக்கத்தோடு சொல்ல மாட்டார். "அந்த மிசினு வந்தப்பறம்தான் கண்ணு, தோளு நிமிந்துது" என்பார். பழைய கிராமத்துத் தற்சார்பைப் பற்றி உருகுகிற கட்டுரைகளை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லைச் சுற்றியிருக்கிறார்கள்?

நம்மூரில் இதைத் தெளிவாக யோசித்தவர் ஒருவர் இருந்தார். ஜே.சி. குமரப்பா. 1892ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, கோட்டு சூட்டோடு காந்தியைப் பார்க்கப்போய், கதர்க்காரராகத் திரும்பியவர். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960ல் மறைந்தார். அவர் சிறையில் எழுதி 1945ல் வந்த 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்ற சிறிய புத்தகத்தை, இன்றைய தற்சார்பு ஆர்வலர்கள் தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் குமரப்பாவும் சரி, காந்தியும் சரி, ஒரு வீடு தனக்குத்தானே போதும் என்று கணக்குப் போடவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட அலகு கிராமம், வட்டாரம். சோறு, துணி போன்ற அடிப்படைத் தேவையை வட்டாரத்துக்குள் முடித்துக்கொள்; மிச்சத்துக்கு வெளியில் போ. வட்டாரத்துக்குள்ளே தச்சர், கொல்லர், குயவர், நெசவாளி, உழவர் எல்லாரும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் ஆக வேண்டும். அந்தக் கணக்கை வட்டாரத்திலிருந்து பிய்த்து 600 சதுர அடிக்குள் திணித்ததில்தான் கோளாறு. (பழைய கிராமத்தில் அந்தக் கொடுக்கல் வாங்கல் சாதி வரிசையில் நடந்தது என்பது குமரப்பா ரசிகர்கள் சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு பக்கம்.)

இப்போது தக்காளிக்கு வருவோம். மாடித்தோட்டக்காரரின் முதல் பெருமை தக்காளிதான். "நாங்க தக்காளி வாங்கியே ஆறு மாசம் ஆச்சு." தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு தக்காளிக்குப் பேர்போன ஊர். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்கிற அளவுக்கு ஊரே அல்லோலகல்லோலப்பட்டது, டி.வி.யில் தினமும் தக்காளி விவாதம். சில வாரங்களில் விலை தலைகுப்புற விழுந்தபோது டி.வி.க்காரர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். விலை விழும் சீசன்களில் பாலக்கோடு பக்கம் போனால் பார்க்கலாம். பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். பறித்துவிட்டவர்கள் ரோட்டோரம் கொட்டுவார்கள். மாடு தின்னும். மாட்டுக்கும் அலுத்துப்போகும்.

உங்கள் மாடியில் காய்க்கிற மூன்று கிலோவால் பாலக்கோட்டு மார்க்கெட் சரிந்துவிடாது. ஆகவே குற்ற உணர்ச்சி வேண்டாம். நான் கேட்பது வேறு. ஒரு கிலோ தக்காளிக்கு எத்தனை குடம் தண்ணீர், எத்தனை நாள் காவல், எத்தனை முறை புழு பொறுக்கல் என்று தெரிந்துகொண்டவர் நீங்கள். மற்ற வாடிக்கையாளருக்குத் தெரியாத கணக்கு உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும், நாலு ரூபாய்க்குத் தக்காளி கிடைக்கிற நாளில் 'சீப்பா கிடைச்சுது' என்று சந்தோஷப்பட முடிகிறதா? முடியவில்லை என்றால் உங்கள் தோட்டம் வேலை செய்திருக்கிறது. 'எனக்கு இனி விவசாயியே தேவையில்லை' என்று தோன்றினால், அது வெறும் காய் காய்த்த தோட்டம்.

காய்கறியில் இவ்வளவு நேரம் செலவழிக்கிறோமே, ஒரு நகரத்து வீடு நிஜமாகவே சொந்தக் காலில் நிற்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பேச ஆளில்லை. தண்ணீர்.

தர்மபுரியில் வருஷ மழை சுமார் 850 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நம் 600 சதுர அடி மாடி என்பது 55 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். வருஷத்துக்கு 47,000 லிட்டர் விழுகிறது. முதல் மழையைக் கழுவி விட்டு, சிந்தினது சிதறினது போக 38,000 லிட்டர் பிடிக்கலாம். குளியல், துணி, கக்கூஸ் என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகரக் கணக்கில் செலவழித்தால் எழுபதே நாளில் தீர்ந்துவிடும். ஆனால் குடிக்க, சமைக்க மட்டும் என்றால்? ஆளுக்கு 5 லிட்டர், வீட்டுக்கு 20 லிட்டர். வருஷம் முழுக்க 7,300 லிட்டர் போதும்! வானம் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்து மாதம் மழையே இல்லாவிட்டாலும் தாண்ட 3,000 லிட்டர். மூடி போட்ட 5,000 லிட்டர் தொட்டி ஒன்று, மணலும் கரியும் போட்ட வடிகட்டி ஒன்று, கொசு புகாத வலை, குடிப்பதற்கு முன் ஒரு கொதி. ஆச்சு.

இது ஏன் தர்மபுரியில் வெறும் சிக்கன விஷயமில்லை என்றால், இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் முதலில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறும். அளவு கூடக்கூட எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினால் போகாது, சொல்லப்போனால் தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 2008ல் அடிக்கல் நாட்டி 2013ல் திறக்கப்பட்டது. பெரிய திட்டம், அவசியமான திட்டம். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரவில்லையோ அன்றைக்கு ஜனங்கள் மறுபடி போர் தண்ணீருக்குத்தான் போவார்கள். மழைத்தண்ணீரிலோ ஃப்ளோரைடு பிரச்னை இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மாடி முழுக்கப் பைகளை அடுக்கி, சாணமும் மீன் அமிலமும் ஊற்றி வளர்த்தால் அந்த மாடியில் விழுகிற மழையைக் குடிக்க முடியாது. ஆக, அதே 600 சதுர அடிக்குத் தக்காளியும் தண்ணீரும் போட்டி. இரண்டில் எது என்று கேட்டால், தர்மபுரியில் என் ஓட்டு தண்ணீருக்குத்தான். மாடியில் முக்கால் பங்கைச் சுத்தமாகப் பெருக்கி மழைக்கு விடுங்கள். கால் பங்கில் கீரை. தக்காளியைப் பாலக்கோட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. வீட்டு வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பெரும்பாலும் நிலத்துக்குள் இறக்குகிற குழியோடு வேலை முடிந்தது. அது தேவைதான். ஆனால் போர் தண்ணீரில் விஷம் இருக்கிற ஊரில், மண்ணில் இறக்குவதற்கு முன்னால் ஒரு தொட்டியாவது நிரப்பிக்கொள்வதுதான் புத்தி.

வீட்டைத் தாண்டி, ஒரு வட்டாரமே சொந்தக் காலில் நிற்கப் பார்த்த கதையும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு. மலையாளி என்ற பழங்குடி மக்களும் (கேரளத்துக்காரர்கள் இல்லை) லம்பாடிகளும் வாழ்கிற இடம். 1993ல் ரெஜி, லலிதா என்ற இளம் டாக்டர் தம்பதி இங்கே ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அந்த ஊர்ப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை இருபது அளவுக்கு இறங்கியது.

வைத்தியம் பார்க்கப்போனால் வியாதியின் வேர் வயலில் இருந்தது. பணப்பயிர், உரக்கடன், தட்டில் சத்தில்லாத சாப்பாடு. 2000களில் ஒரு சில விவசாயிகளோடு இயற்கை விவசாயச் சங்கம் தொடங்கி, மெல்ல நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். மஞ்சளோடு சாமை, தினை, கேழ்வரகு திரும்பியது. பெண்கள் குழுக்கள் அதை மாவாகவும் தின்பண்டமாகவும் ஆக்கி விற்கின்றன. லம்பாடிப் பெண்கள் மறந்துபோக இருந்த பூத்தையலை மீட்டு 'போர்கை' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் 'பெருமை' என்று அர்த்தமாம். கவனியுங்கள்: இங்கே எந்த வீடும் தனியாகத் தன்னிறைவு அடையவில்லை. மருத்துவத்துக்கு ஒருவர், விதைக்கு ஒருவர், மாவுக்கு ஒருவர், ஊசிக்கு ஒருவர். வெளியூர் டாக்டர் வந்தார், வெளியூர் சந்தைக்குப் பொருள் போகிறது. கதவைச் சாத்திக்கொண்டு யாரும் உட்காரவில்லை.

தர்மபுரிக்குப் பக்கத்தில் நாகர்கூடலில் இன்னொரு கதை. 1992ல் மீனாட்சி, உமேஷ் என்ற தம்பதி, கட்டடக்கலை படித்தவர்கள், நகரத்தை விட்டுக் காய்ந்த மேட்டு நிலத்தில் குடியேறினார்கள். மண்வீடு, மரம், மழைத்தண்ணீர் என்று இன்றைய தற்சார்பு ஆர்வலர் கனவு காண்கிற எல்லாமும் செய்தார்கள். ஆனால் அவர்களைப் பற்றி இன்று பேசுவது பண்ணைக்காக அல்ல, 'புவிதம்' பள்ளிக்காக. தம் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்த பள்ளி, 2000 வாக்கில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளியாயிற்று. அப்பா அம்மா கூலி வேலைக்கு வெளியூர் போய்விட, பாட்டியோடு தங்கிப்போகிற பிள்ளைகளுக்கு விடுதியும் வந்தது. தனியாக வாழ வந்தவர்களின் வாசலுக்கு ஊர் வந்து நின்றது. அவர்கள் கதவைத் திறந்தார்கள். எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது.

அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா எங்கே போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? பலரும் பெங்களூரிலோ ஓசூரிலோ செங்கல் சுமந்துகொண்டிருப்பார்கள். நாளைக்கு மாடித்தோட்டம் போடப்போகிற மாடியை இன்றைக்குக் கட்டிக்கொண்டிருப்பார்கள். மானாவாரி நிலத்தில் கேழ்வரகுக்கு விலையில்லை என்று ஊரை விட்டவர்கள். 'என் வீடே எனக்குப் போதும்' என்கிற வாக்கியத்தை அவர்கள் நிலத்தை விட்டு வந்து கட்டிய கூரையின் மேல் நின்று சொல்கிறோம்.

அதனால்தான் 2023ல் நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் அரசே கிலோ 35 ரூபாய் 78 காசுக்குக் கேழ்வரகு வாங்கி, தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்தது. விளைந்த மாவட்டத்திலேயே தட்டுக்கு வந்தது. அதிகம் தண்ணீர் கேட்காத பயிர், அலைச்சலில்லாத விற்பனை, நிச்சயமான விலை. குமரப்பா உயிரோடு இருந்திருந்தால் கணக்கு நோட்டைத் திறந்து இதைத்தான் எழுதியிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. எந்தத் தற்சார்புப் பயிலரங்கிலும் ரேஷன் கடையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆக, நகரத்து வாசகர்களுக்கு என் சிபாரிசு ரொம்பச் சின்னது. மாடியில் மழையைப் பிடியுங்கள். குப்பையை வீட்டிலேயே மக்க வையுங்கள். கீரை போடுங்கள், முடிந்தால் வீட்டு ஆண்கள் தண்ணீர் ஊற்றட்டும். தானியத்துக்கு ஒரு சங்கத்தையோ ஒரு குடும்பத்தையோ பிடித்துக்கொண்டு, வருஷத்துக்கு இத்தனை கிலோ சாமை, இத்தனை கிலோ கேழ்வரகு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். விலை ஏறினால் கொஞ்சம் குறைத்து வாங்குங்கள், இறங்கினால் பேரம் பேசாதீர்கள். யாரையும் சார்ந்திராத வீடு என்று ஒன்று தர்மபுரியிலும் இல்லை, பாஸடீனாவிலும் இல்லை. யாரைச் சார்ந்திருக்கிறோம், அவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று பேர் சொல்லத் தெரிந்த வீடு இருக்க முடியும்.

தக்காளி பத்து ரூபாய்க்குக் கீழே இறங்குகிற அடுத்த வாரத்தில் வழக்கத்தைவிட இரண்டு கிலோ கூட வாங்கி, மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் வற்றல் போட்டு வையுங்கள். மாடிக்கு அதைவிட நல்ல உபயோகம் இப்போதைக்கு எனக்குத் தோன்றவில்லை.